டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி

கணினி கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கடிதம் சற்று நீளம், அதற்கு என் பதில் இன்னும் நீளம். இடம் போதவில்லை என்றால் மற்றதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

2016-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10 இருக்கிறது. "இதுக்கு இனிமே அப்டேட் வராது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார் கடைக்காரர். லினக்ஸ் போட்டால் ஓடுமா?
– கரோல் பாக் வாசகர்

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி நிஜம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை கேட்கும். உங்களுடையது அனேகமாக ஆறாம் தலைமுறை. இரண்டாம் பாதி, அதாவது புதுசு வாங்குவது, அவருடைய வியாபாரம்.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதில் மின்ட் என்ற வகை உங்களுடையதில் ஓடும். ஆனால் நாளைக்கே போட்டுவிடாதீர்கள். ஒரு 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்புங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கை நீங்களாகச் சொன்னாலொழிய அது தொடாது. இரண்டு நாள் அப்படியே ஓட்டி வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். அதற்கப்புறம் முடிவு செய்யலாம். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கணினிச் சந்தையான நேரு பிளேஸ் போய், சுழலாத வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். லினக்ஸ் தரும் வேகத்தைவிட அது தரும் வேகம்தான் அதிகம். இதை லினக்ஸ் பக்தர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இடறக்கூடிய இடங்கள் மூன்று. கடைக் கணக்கு மென்பொருளை நம்பிப் பிழைப்பவர் என்றால் ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவைக்கத்தான் வேண்டும். வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர் என்றால் அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மூன்றாவது பிரிண்டர். தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடைகளில் உட்கார்ந்திருக்கும் சின்ன லேசர் பிரிண்டர் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. நான்காவது ஞாயிறு பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

எது சிறந்த லினக்ஸ்? உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா?
– ஐஐடி மாணவர், ஹௌஸ் காஸ்

டெபியன். 1993-இல் பிறந்தது. உங்களுக்கு அண்ணன், அடக்கமானவன். ஆர்ச் போட்டவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அவர்களுக்கு அப்டேட் செய்யவே நேரம் சரியாக இருக்கும்.

தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். லினக்ஸில் அந்தப் பழைய விசைப்பலகை உண்டா? பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் திறக்குமா?
– ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர், ஆர்.கே.புரம்

உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று வரிசையாகக் கிடைக்கும். தட்டச்சைத் தேர்ந்தெடுங்கள், விரல்கள் தாமாக நடக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 தரப்படுத்தப்பட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், முப்பது வருட விரல்களோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

பாமினி கோப்பு திறக்கும். ஆனால் எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும். காரணம், அது உண்மையில் ஆங்கில எழுத்துகளேதான். அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்டது எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. அதையே 24 மணி நேரமும் ஓடும் சர்வராக்கிப் புகைப்படங்களை வைத்துக்கொண்டால் என்ன?
– மயூர் விஹார் ஃபேஸ் 3 வாசகர்

நம் பேட்டைக்காரர்! நான் செய்து கையைச் சுட்டுக்கொண்டதைத்தான் கேட்கிறீர்கள்.

2021 ஜூன் 1-ஆம் தேதி கூகுள் ஃபோட்டோஸ் இலவச அளவில்லாச் சேமிப்பை நிறுத்தியபோது எனக்கும் ரோஷம் வந்தது. பரணில் இருந்த டெஸ்க்டாப்பை இறக்கித் தூசு தட்டி டெபியன் போட்டேன். டிசம்பர் மாதம். ஏசி கிடையாது, எங்கள் வீட்டு மீட்டர் வழக்கமாக 165 யூனிட் காட்டும். டெல்லியில் 200 யூனிட்டுக்குள் இருந்தால் மானியத்தில் பில் பூஜ்யம், தாண்டினால் பாதிதான் மானியம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மாதம் 215. டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே சுமார் 70 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், முப்பது நாள் என்று பெருக்கிப் பாருங்கள், 50 யூனிட். "இலவசமா சர்வர் வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே" என்று பில்லை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் என் மனைவி. அன்றைக்கு ரசத்தில் உப்பும் இல்லை. தற்செயலாக இருக்கலாம்.

பிறகு நேரு பிளேஸில் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மினி பிசி ஒன்றை செகண்ட்ஹேண்ட் விலைக்கு வாங்கினேன். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். 12 வாட், மாதத்துக்கு 9 யூனிட்டுக்கும் குறைவு. படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், பாட்டுக் கச்சேரிகளுக்கு ஜெல்லிஃபின் என்று மூன்றும் அதில் ஓடுகின்றன. எதற்கும் சந்தா கிடையாது.

இன்னொன்று: டெல்லியின் மே மாதத்தை மறந்துவிடாதீர்கள். நாங்கள் மேல்மாடி. பெட்டியைப் பரணில் வைத்திருந்தேன். லூ என்ற அனல்காற்று அடித்த ஒரு மதியம் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் பார்த்தால் டிஸ்க்கின் சூடு 58 டிகிரி. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்குத் தயாரித்தவர்கள் விதித்த உச்சவரம்பே 60தான். இப்போது ஸ்டோர் ரூமில், தரையை ஒட்டி, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது அதற்கும் பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு குளியல் உண்டு.

நெக்ஸ்ட்கிளவுட் வைத்தேன். வீட்டு வைஃபையில் அருமையாக வருகிறது. வெளியே போனால் திறக்க மாட்டேன் என்கிறது. ரவுட்டரில் போர்ட் எல்லாம் திறந்து பார்த்துவிட்டேன்.
– துவாரகா வாசகர்

ரவுட்டருக்குள் நுழைந்து 'வான் ஐபி' என்ற வரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது பல வீடுகளுக்கு ஒரே இணைய முகவரி என்ற ஏற்பாட்டில், இருக்கிறீர்கள். எத்தனை போர்ட் திறந்தும் பயனில்லை.

நீங்கள் இருப்பது சொசைட்டி ஃபிளாட்தானே? உங்கள் வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் மெயின் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் யார் எந்த ஃபிளாட் என்ற பட்டியலே இல்லை. உள்ளேயிருந்து நீங்கள் பால் வாங்கப் போனால் உங்கள் முகம் நினைவிருக்கும், திரும்பும்போது விடுவார். வெளியிலிருந்து ஒருவர் உங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் எந்தப் பக்கம் கை காட்டுவார்? அந்தக் காவலாளிதான் சிஜிநாட். ஐபிவி4 என்ற வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆகவே இணைய இணைப்புக் கம்பெனி ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போடுகிறது.

வழி இரண்டு. மாதாமாதம் காசு கட்டி நிலையான ஐபி வாங்கலாம். அல்லது உள்ளேயிருந்து நீங்களே வெளியே கை நீட்டலாம். அதற்கு டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் இருக்கிறது. அதன் அடியில் ஓடுவது வயர்கார்ட் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை. 2020-இல் அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-இலேயே சேர்த்துக்கொண்டார்கள். சர்வரிலும் ஃபோனிலும் டெயில்ஸ்கேல் போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். ஏற்கெனவே திறந்ததையெல்லாம் இன்றைக்கே மூடுங்கள், முதல் வேலையாக.

எல்லோருக்கும் யோசனை சொல்கிறீர்களே, உங்களுக்கு எதுவும் அழிந்ததே இல்லையா?
– பெயர் போட வேண்டாம், லோதி காலனி

குத்தல் புரிகிறது. சொல்கிறேன்.

2019, டெபியன் 10 வந்த புதிது. அதைப் பென்டிரைவில் எழுத உட்கார்ந்தேன். டிடி என்று ஒரு கட்டளை. எங்கே எழுத வேண்டும் என்று சொன்னால் எழுதும், ஒரு கேள்வி கேட்காது. என் பென்டிரைவ் எப்போதும் எஸ்டிபி என்ற பெயரில் வரும். அன்று வெளி ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தது, நடுவில் ஒருமுறை கணினியை அணைத்துப் போட்டேன். திரும்ப வந்தபோது எஸ்டிபி ஹார்ட் டிஸ்க், எஸ்டிசி பென்டிரைவ். நான் பார்க்கவில்லை. பழக்கத்தில் எஸ்டிபி என்று அடித்து எண்டர் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். அந்த டிஸ்க்கில் எட்டு வருடப் படங்கள் இருந்தன. அப்பாவின் சதாபிஷேகமும் அதில்தான்.

தலைப்பக்கம் 300 எம்பிக்குச் சற்று மேல்தான் அழிந்தது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பேடு அந்தத் தலைப்பக்கத்தில் இருந்ததே! ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை ஒன்றரை நாள் ஓட்டினேன். டிஸ்க் முழுவதும் தடவி, படம் போலிருப்பதையெல்லாம் எடுத்துக் கொட்டியது. பெரும்பாலான படங்கள் வந்தன, பெயர் இல்லாமல், தேதி இல்லாமல். கேமராவில் எடுத்தவற்றுக்கு உள்ளேயே தேதி பதிந்திருந்ததால் பிழைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்தவற்றுக்கு அதுவும் இல்லை. அப்பா கும்பத்துக்கு முன் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு அடுத்ததாக யாரோ அனுப்பிய "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூ. வீடியோக்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன. அப்பா மைக் பிடித்துப் பேசியது வரவேயில்லை.

அதற்குப் பிறகு மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று சர்வரில், ஒன்று அலமாரியில் பூட்டிய டிஸ்க்கில், ஒன்று புனேயில் மகள் வீட்டில். மாதாமாதம் தமிழ் முதல் தேதி அன்று ஏதாவது ஒரு படத்தைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்ப்பேன். பிரதி எடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள், திறந்து பார்ப்பவரை நான் சந்தித்ததில்லை.

சார், என் கணவர் போன மார்ச்சில் காலமானார். டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வைத்திருந்தார். "நம்ம வீட்டு கூகுள்" என்பார். என் ஃபோனில் அவர் போட்டுக் கொடுத்த செயலியில் படங்களெல்லாம் இன்னும் வருகின்றன. பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பையன் வெளியூரில். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டு என்கிறார்கள். பாஸ்வேர்டு எதுவும் எனக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஜனக்புரி

அம்மா, முதலில் எதையும் அணைக்காதீர்கள். கடைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் ஃபோனில் படம் வருகிறது என்றால் பெட்டிக்குள் நுழைய உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது. அந்தச் செயலியிலிருந்து வெளியேறிவிடாதீர்கள், நீக்காதீர்கள், ஃபோனை மாற்றாதீர்கள். பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு வருகிறவர்களிடமும் அந்த சுவிட்சைத் தொட வேண்டாம் என்று சொல்லி, மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். உங்கள் கணவருடைய மொபைல் எண்ணை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். பிராட்பேண்ட் பில்லும் அப்படியே.

அடுத்து ஒன்று யோசித்துப் பாருங்கள். மார்ச்சுக்குப் பிறகு எப்போதாவது நெடுநேரம் கரண்ட் போய், பெட்டி அணைந்து, தானாக எழுந்து, படங்கள் மறுபடி தெரிந்தனவா? தெரிந்தன என்றால் பெரும்பாலும் டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை. ஒருமுறைகூட அணைந்ததில்லை என்றால் அவர் டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டியிருக்கக்கூடும். எங்களைப் போன்ற பைத்தியங்கள் அதைச் செய்வோம். அப்படியானால் அணைந்து எழும்போது அது கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். அதை எந்தக் கடைக்காரராலும், எந்தக் கம்பெனியாலும் திறக்க முடியாது. அதனால்தான் அணைக்காதீர்கள் என்றேன்.

இப்போது படங்களை வெளியே எடுப்போம். பையன் ஊருக்கு வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், தெரிந்த பிள்ளை யாராவது ஒரு மாலை வந்தால் போதும். 1 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வையுங்கள். உங்கள் செயலி இம்மிச் என்றால், அதில் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் சர்வரின் முகவரி தெரியும். அதை அப்படியே லேப்டாப் பிரவுசரில் அடித்தால் அதே படங்கள் அங்கே வரும். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்துப் பார்க்க வேண்டாம். ஃபோனிலிருந்தே ஐம்பது ஐம்பதாகத் தேர்ந்தெடுத்து ஃபோனில் இறக்கி, அங்கிருந்து டிஸ்க்குக்கு மாற்றலாம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கல்யாணம், குழந்தை, கோயில் என்று உங்களுக்கு எது முக்கியமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு விண்டோஸ் கணினியில் செருகினால் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பு விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான், பலர் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். கரோல் பாக் வாசகருக்குச் சொன்ன அதே மின்ட் பென்டிரைவில் கணினியைக் கிளப்பிச் செருகினால் படிக்கும். படங்களின் பெயர்கள் எண்ணும் எழுத்துமாகக் குழம்பியிருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் அந்தக் கோப்புறையை வலது க்ளிக் செய்து ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, திறக்கலாம்.

பாஸ்வேர்டு பற்றி. அவருடைய டைரி, பர்ஸ், பூஜை அலமாரி, எல்ஐசி பாலிசி வைத்திருக்கும் ஃபைல், பெட்டியின் அடிப்பக்கம், ரவுட்டரின் அடிப்பக்கம், இங்கெல்லாம் தேடுங்கள். என் அனுபவத்தில் எங்கள் வகையினர் நீளமான பாஸ்வேர்டைக் கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில்தான் எழுதி வைக்கிறோம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். பெட்டி எங்கே, சுவிட்ச் எது, முகவரி என்ன, பாஸ்வேர்டு எது, எந்த டிஸ்க் யார் வீட்டில், எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று இரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை என் மனைவியிடம் கொடுத்து, "நான் இல்லைன்னு நெனச்சுக்கோ. சதாபிஷேகப் படத்தை எடுத்து டிஸ்க்கில் போடு" என்றேன். "காலங்கார்த்தால என்ன பேச்சு இது" என்று திட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். நான் ஃபோனை அணைத்துவிட்டு மலை மந்திருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வர ஒன்றரை மணி. மூன்றாவது வரியிலேயே நின்றுபோயிருந்தாள். நோட்டில் பென்சிலால் அவள் கையெழுத்து: "இங்கே எண்டர் அழுத்தணும்னு எழுதலை." அதற்குக் கீழே இன்னொன்று: "டெர்மினல்னா எது? கறுப்பா வர்றதா?"

இரண்டையும் சேர்த்துத் திருத்தி எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடி கோயில்.